பாசிர் ரிஸ்ஸில் தெரியாத நட்சத்திரம்

குழந்தைகளுக்கு வானியல் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றை எழுதியவன் நான். அதில் துருவ நட்சத்திரத்துக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அந்த நட்சத்திரத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். நட்சத்திரம் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று வேறு புத்தகங்களில் படித்தேன், நம்பினேன், எழுதிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பதினேழாம் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. "உலகத்தின் எந்த மூலையில் நின்று வடக்கே பார்த்தாலும் இந்த நட்சத்திரம் அசையாமல் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரி சேர்த்தேன். பதிப்பாளருக்கு அது மிகவும் பிடித்துப்போய்ப் பின்னட்டையிலும் போட்டார். பூமி உருண்டை என்று நான்காம் பக்கத்தில் எழுதியவன் பதினேழாம் பக்கத்துக்குள் அதை மறந்துவிட்டான் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

சென்ற டிசம்பரில் நான் சிங்கப்பூர் போனது வேறு காரியமாக. என் தம்பி முரளி அங்கே பல வருஷம் வேலை பார்த்தான். வேலை போயிற்று, ஊருக்கு வந்துவிட்டான். மனைவி சுகுணாவும் ஒன்பது வயது மகள் தர்ஷினியும் அங்கே பாசிர் ரிஸ் பகுதியிலேயே இருக்கிறார்கள். சுகுணாவுக்கு அங்கே நல்ல உத்தியோகம். வேலை போனதால்தான் பிரிந்திருக்கிறார்கள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவந்தோம். உண்மையில், வேலை போவதற்கு வெகு முன்பே அவர்களுக்குள் பேச்சு போய்விட்டது. இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கிக்கொள்வது என்று போனிலேயே முடிவாகி, வக்கீல் காகிதங்களைத் தயார் செய்துவிட்டார். சுகுணா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"கூரியர்ல அனுப்பினா நல்லா இருக்காதுண்ணே. நீ நேர்ல போய்க் குடுத்துட்டு வந்துடு" என்றான் முரளி.

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் கோபித்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. இதற்கும் அதே மரியாதை வேண்டும் போலிருக்கிறது. தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் மட்டும் இல்லை. பெட்டியில் காகித உறையை வைத்தேன். அதன்மேல் என் மனைவி கொடுத்த மாவடு பாட்டிலை வைத்தேன். தர்ஷினிக்கு என் புத்தகத்தின் புதிய பிரதி ஒன்றையும் செருகினேன். மூன்றில் எது கசிந்தாலும் மற்ற இரண்டும் நாசமாகும் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

சுகுணா தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள். விவாகரத்துக் காகிதத்தோடு போகிறவன் அதே வீட்டில் படுத்து எழுந்து காலையில் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சொல்வது முறையாகப் படவில்லை. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அறை எடுத்தேன். அறையில் ஜன்னல் இல்லை.

"ஜன்னல் ரூம் எல்லாம் ஃபுல் ஆயிடுச்சு சார். தூங்கத்தானே போறீங்க, ஜன்னல் எதுக்கு?" என்றார் சாவி கொடுத்தவர்.

வானியல் எழுத்தாளனுக்குப் பொருத்தமான அறைதான். விளக்கை அணைத்தால் பிரபஞ்சம் உண்டாவதற்கு முந்தைய இருட்டு. ஏசி மட்டும் எதற்கோ தயாராவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் தெருவும் அறையைப் போலவே இருந்தது. கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே தேக்கா சந்தைக்கு நடந்தேன். அங்கே பரோட்டாவைப் பிராட்டா என்கிறார்கள். காப்பியைக் கோப்பி என்று சொல்லி, டப்பாப் பாலை ஊற்றிப் பாயசம் மாதிரி கொடுக்கிறார்கள். கடைக்காரர் அறுபது வயது பாய். பூர்வீகம் கடையநல்லூர், பிறந்தது சிங்கப்பூரிலேயே.

"ஆறரை ஆகியும் விடியலையே பாய்?"

"இங்க ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும்லா. சாயங்காலம் ஏழு மணிக்குப் போயிடும். வருஷம் பூரா அதே டைம்தான்."

"மார்கழியிலகூடவா?"

"மார்கழி எல்லாம் உங்க ஊர்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பிராட்டாவைக் கல்லில் வீசினார்.

எனக்குப் பதினோராம் பக்கம் ஞாபகம் வந்தது. "குளிர்காலத்தில் பகல் குறையும், கோடையில் நீளும். நீயே கவனித்துப் பார்" என்று எழுதியிருந்தேன். சிங்கப்பூர்க் குழந்தை ஒன்று இதை நம்பிக் கவனிக்க ஆரம்பித்தால், அதற்குக் கல்யாணமாகும்வரை எதுவும் தெரியப்போவதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு என் புத்தகம் ஒத்துவரவில்லை என்கிற சங்கடம் அங்கேதான் தொடங்கியது. அதைக் கோப்பியோடு விழுங்கிவிட்டேன்.

மாலையில் பாசிர் ரிஸ்ஸுக்குக் கிளம்பினேன். பூகிஸ் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். எதிரெதிராக இரண்டு ரயில்கள் நின்றன, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. திசை கண்டுபிடிப்பது எப்படி என்று தனி அத்தியாயமே எழுதியவன் நான். ஆனால் அதற்குச் சூரியன் வேண்டும், நிலையமோ பூமிக்கு அடியில். காலியாக இருந்த வண்டியில் ஏறிக்கொண்டேன். அரைமணி நேரத்துக்கும் மேலே போன பிறகு, கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் எதிர் இருக்கையிலிருந்து என் பையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணே, எங்க போகணும்?"

"பாசிர் ரிஸ்."

"இது ஜூரோங் வந்தாச்சுண்ணே. அது அந்தக் கடைசி. நீங்க நேர் எதிர்ல வந்திருக்கீங்க." புதுக்கோட்டைக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. என்னோடு இறங்கி, படியேறி, எதிர் நடைமேடையில் என்னை நிறுத்திவிட்டுத்தான் போனார். "ஊர்ல என்ன வேலைண்ணே?" என்று போகிறபோக்கில் கேட்டார். அரசாங்க ஆபீஸ் என்றேன். புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பாசிர் ரிஸ் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணிக்குப் பத்து நிமிஷம். சுகுணா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உறையை அவளிடம் நீட்டப்போனேன். அவள் கண்ணால் உள்ளறையைக் காட்டி, "இங்க வேணாம் மாமா. நாளைக்கு லஞ்ச் டைம்ல நானே தேக்கா பக்கம் வரேன்" என்று மெல்லச் சொன்னாள். மாவடுவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து தர்ஷினி ஓடிவந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பெரியப்பா, கரெக்டா வந்தீங்க. சீக்கிரம் வாங்க, எய்ட் ஓ கிளாக் ஆகப்போகுது."

கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே, பதினோராம் மாடியின் நீளமான பொது நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அது வடக்கே பார்த்த நடை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானம் முழுக்க மேகம்.

"அங்க பாருங்க. நேரா. தெரியுதா?"

அவள் காட்டிய இடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தது.

"துருவ நட்சத்திரம். நீங்க எழுதினதுலா. அப்பா போகும்போது சொன்னாரு, நான் டெய்லி எட்டு மணிக்கு இங்கேர்ந்து பார்க்கணும், அப்பா ஊர்லேர்ந்து பார்ப்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஸ்டாரைப் பார்க்கிறோம். ஆனா போன்ல இதைப் பத்திப் பேசக் கூடாது. பேசினா பலிக்காது. நீங்க புக் எழுதினவர், உங்ககிட்ட சொல்லலாம்."

"எத்தனை நாளா பார்க்கிறே?"

"அப்பா போனதுலேர்ந்து. ஒரு நாள்கூட மிஸ் பண்ணல. ரெயின்லகூட இந்த ஸ்டார் தெரியும், யூ நோ? மத்த ஸ்டார் எல்லாம் காணாமப் போயிடும். இது மட்டும் அசையவே அசையாது. நீங்க எழுதின மாதிரியே."

மழையிலும் தெரிகிற நட்சத்திரத்தை நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மேலே ஒரு ராட்சதக் கிரேன். புள்ளி வெளிச்சம் கிரேன் கோபுரத்தின் உச்சி விளக்கு. காற்றில் கிரேனின் நீளக் கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உச்சி விளக்கு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மற்றதெல்லாம் சுற்ற நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்பது எப்படி என்று விளக்க என் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. இதைவிடச் சுமாரான படம்.

"தெரியுதா பெரியப்பா?"

"தெரியுது" என்றேன்.

அவள் புள்ளியைப் பார்த்துக் கையாட்டினாள். எனக்கும் கையாட்ட வேண்டிவந்தது.

திரும்பிப் போகும்போது மறுபடி மழை. டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் வயதான சீனர். அந்த ஊரில் நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: "இங்கே அதெல்லாம் கிடையாது. மேகம் இருக்கும். மேகம் இல்லையென்றால் விளக்கு இருக்கும். நட்சத்திரம் வேண்டுமென்றால் வேறு நாட்டுக்குப் போ."

மூன்றாம் நாள் மத்தியானம் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் சுகுணா வந்து உட்கார்ந்தாள். அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியது. இரண்டு சாப்பாடு சொன்னோம். இலை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உறையைப் பிரித்தாள். வக்கீல் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட ஒவ்வொரு இடத்திலும் தன் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. பள்ளிக்கூட நோட்டுகளில் கையெழுத்துப் போடுகிற அம்மாவைப் போலத்தான் இருந்தாள். கடைசிப் பக்கத்தில் பேனாவை மூடும்போது கேட்டாள்.

"கல்யாணத்துல சாஸ்திரிகள் அருந்ததி காட்டினாரே, ஞாபகம் இருக்கா மாமா?"

இருந்தது. மண்டப வாசலில் இருவரையும் நிறுத்தி, மேலே கையைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்று கேட்டார். முரளி உடனே தெரிகிறது என்றான்.

"நானும் தெரியுதுன்னேன். காலையில பத்தரை மணி. மேல ஷாமியானாத் துணி. அதுல ஒரு ஓட்டைகூட இல்ல. அப்பவே தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

பக்கத்தில் நின்று நானும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டியவன்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று தோன்றியது. எங்களில் யாரும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

இலை வந்தது. சாம்பாரில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அவ டெய்லி பார்க்கிறது கிரேன் லைட்டுன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் விட்டுட்டேன். ஆனா அந்தக் கட்டடம் முடியப்போகுது மாமா. அடுத்த மாசம் கிரேனைக் கழட்டிடுவாங்க. ஒருநாள் எட்டு மணிக்குப் போய் நிப்பா, அங்க ஒண்ணும் இருக்காது. அப்பா நம்மளைப் பார்க்கிறதை நிறுத்திட்டார்னு நெனைச்சுக்குவா. காகித விஷயத்தை நான் மெதுவா சொல்லிக்கிறேன். நட்சத்திரத்தை நீங்க சொல்லிட்டுப் போங்க. எழுதினது நீங்கதானே."

அப்பளத்தை உடைக்காமல் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் சந்தையில் ஓர் ஆரஞ்சுப் பழமும் பல் குத்தும் குச்சிகளும் வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை கிழக்கே போகிற வண்டிதானா என்று இரண்டு பேரைக் கேட்டு ஏறினேன். ஆறரை மணிக்கு தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனேன். அந்தக் கடற்கரை நேர் வடக்கே பார்த்தது. எதிரே உபின் தீவின் மரங்கள், அதற்குப் பின்னால் மலேசியக் கரையில் ஜொகூரின் விளக்குகள். சாங்கியில் இறங்கப்போகிற விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மணல் ஈரமாக இருந்ததால் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஆரஞ்சின் காம்பில் ஒரு குச்சியைக் குத்தினேன். "இது வடதுருவத்துல நிக்கிற ஆள். இவனுக்கு நட்சத்திரம் தலைக்கு நேர் மேல." நடுவயிற்றை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி இன்னொன்று குத்தினேன். "இது திருச்சி. இங்கேர்ந்து பார்த்தா நட்சத்திரம் தரைக்குக் கொஞ்சம் மேல, தண்ணித் தொட்டி உயரத்துக்கு நிக்கும்." கடைசிக் குச்சியை வயிற்றிலேயே குத்தினேன். "இது நாம. இங்க நட்சத்திரம் தரையோட தரையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மரம், அந்த லைட்டு, மேகம், எல்லாத்துக்கும் பின்னால. இங்கேர்ந்து அது தெரியாது தர்ஷினி. நான் புத்தகத்துல தப்பா எழுதிட்டேன்."

அவள் ஆரஞ்சை வாங்கிக் கண் அருகே வைத்துக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப நான் பார்க்கிறது?"

"கிரேன் மேல இருக்கிற லைட்டு."

ஒரு விமானம் தலைக்கு மேல் போய் முடிந்தது.

"அன்னைக்கு நீங்க தெரியுதுன்னு சொன்னீங்க."

"ஆமா. பொய் சொல்லிட்டேன்."

கிரேனைக் கழற்றப்போவதையும் சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். குச்சிகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். பூமியின் பாதி போன பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"பெரியப்பா, இங்க எட்டு மணின்னா இந்தியாவுல ஃபைவ் தர்ட்டிதானே?"

"ஆமா."

"அப்ப அங்க இன்னும் இருட்டியே இருக்காது. அப்பா எப்படி ஸ்டாரைப் பார்ப்பாரு?"

பூமி சுழல்வதால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இருட்டுவதில்லை. இது என் புத்தகத்தில் ஆறாம் பக்கம். முரளிக்கு அது தோன்றவில்லை. இரண்டு நாளாக எனக்கும் தோன்றவில்லை. திருச்சியில் ஐந்தரை மணிக்கு முரளி என்ன செய்துகொண்டிருப்பான் என்று யோசித்தேன். நண்பன் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

அவளே கணக்குப் போட்டாள். விரல்களில் சாறு ஒட்டியிருந்தது.

"அங்க செவன் தர்ட்டின்னா நல்லா இருட்டிடும்லா? அப்ப இங்க டென் ஓ கிளாக். அம்மாகிட்ட கேட்டுப் பத்து மணி வரைக்கும் முழிச்சிருக்கேன். ஹாலிடேஸ்தானே. நீங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க, இனிமே செவன் தர்ட்டிக்குப் பார்க்கட்டும். எனக்குத் தெரியலைன்னா பரவாயில்ல. அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன். அவருக்காச்சும் ரியல் ஸ்டார் தெரியுதுல."

"சரிம்மா."

"சாரி சொன்னேன்னும் சொல்லுங்க. இவ்வளவு நாள் வெயில்ல நிக்க வெச்சுட்டேன்னு."

மீதிச் சுளைகளை எண்ணி எனக்குப் பாதி கொடுத்தாள். புளித்தது. மழை வந்துவிட்டது. குடை ஒன்றுதான் இருந்தது. அவள் உயரத்துக்குக் குனிந்து பிடித்ததில் வீடு வரும்வரை என் முதுகு நனைந்தது. எட்டு மணி ஆனபோது அவள் வாசலுக்கு வெளியே போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து நான் கொண்டுவந்த புதிய பிரதியை எடுத்து, பதினேழாம் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, 'நாட் இன் சிங்கப்பூர்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். இதுவரை அந்தப் புத்தகத்துக்கு வந்த திருத்தம் அது ஒன்றுதான்.

ஊர் வந்து சேர்ந்த அன்று மாலையே முரளியின் வீட்டுக்குப் போனேன். உறையைப் பிரித்து, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்வதற்கு ரயிலில், விமானத்தில் என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். விளக்கிக் காட்டலாம் என்று ஓர் ஆரஞ்சும் வாங்கிவந்திருந்தேன்.

"தர்ஷினி உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. எட்டு மணி சரிப்படாதாம், அப்ப இங்க வெளிச்சமா இருக்குமாம். இனிமே ஏழரைக்குப் பார்க்கணுமாம். இவ்வளவு நாள் உன்னை வெயில்ல நிக்க வெச்சதுக்கு சாரி சொன்னா."

"என்னத்தைப் பார்க்கணும்?"

"நட்சத்திரத்தைத்தான்."

கடைசிப் பக்கத்தைப் புரட்டிய விரல் அப்படியே நிற்க, முரளி நிமிர்ந்து பார்த்தான்.

"எந்த நட்சத்திரம்ணே?" என்றான்.